மார்லிஸின் முறை

"போன வருஷம் சுத்துல நீ என்ன சொன்ன?" என்று மார்லிஸ் கேட்டார்.

அமெரிக்கர்களின் நன்றி விருந்து நாளான தேங்க்ஸ்கிவிங்குக்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமை அது. அவருடைய சமையலறைத் தரையில் உட்கார்ந்து ஃபிரிட்ஜின் கீழ்த்தட்டைக் காலி செய்துகொண்டிருந்தார். இருபது பவுண்டு வான்கோழி, உறைந்து கல்லாக, பக்கத்தில் காத்திருந்தது. அவர் எடுத்துக் கொடுத்த பால் கேன்களை நான் மேசையில் அடுக்கிக்கொண்டிருந்தேன்.

"சரியா ஞாபகம் இல்ல. குடும்பம், வேலை, உடம்பு நல்லா இருக்கறதுன்னு ஏதோ சொன்னேன்."

"டுவேன்?"

"கடவுளுக்கு நன்றி, குடும்பத்துக்கு நன்றி, எட்டுக் கிளைக் கொம்பு மானுக்கு நன்றின்னு."

"அந்த மான் அதுக்கு முந்தின வருஷம். போன வருஷம் ஆறு கிளைதான். வெர்ன் என்ன சொன்னாரு?"

"முழங்கால் ஆபரேஷன் பண்ண டாக்டருக்கு நன்றின்னாரு."

"ஆமா, அந்த டாக்டர்தான் பாவம். கெண்ட்ரா?"

"சின்னவ ராத்திரி முழுக்கத் தூங்க ஆரம்பிச்சதுக்கு."

"நான்?"

யோசித்துப் பார்த்தேன். நீள மேசையைச் சுற்றி இருந்த முகங்கள் ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தன. சமையலறை வாசலுக்கு அருகில் இருந்த நாற்காலி வந்தபோது அதில் யாரும் இல்லை. நாற்காலியின் முதுகில் ஒரு துண்டு மட்டும் தொங்கிக்கொண்டிருந்தது.

"நீங்க என்ன சொன்னீங்க?" என்றேன்.

"அதைத்தான் நானும் கேக்கறேன், கண்ணு. இருபத்தொம்பது வருஷமாச்சு. ஒரு தடவைகூட என் முறை வந்ததில்ல."

"ஏன்?"

"ஏன்னா நான் கிரேவிகிட்ட நிக்கறேன்."

பிறகு எழுந்து, முழங்காலைத் தட்டிவிட்டுக்கொண்டு, "இந்தத் தடவை உக்காரப் போறேன். உனக்கு ஒரே ஒரு வேலைதான். என் முறை வர்றப்ப நான் அங்க இல்லேன்னா ஒரு குரல் குடு. 'மார்லிஸ் இன்னும் சொல்லல'ன்னு சொல்லு. மூணே வார்த்தை" என்றார்.

சரி என்று தலையாட்டினேன்.

"என்ன சொல்லப் போறீங்க?"

"அதை இப்பவே சொல்லிட்டா அங்க சொல்ல என்ன இருக்கும்? கோழியோட அந்தப் பக்கத்தைப் பிடி."

மார்லிஸ் எங்கள் அடுத்த வீட்டுக்காரர். நாங்கள் விஸ்கான்சினின் இந்தச் சின்ன ஊருக்குக் குடிவந்தபோது எனக்கு ஒன்பது வயது. அப்பாவுக்குக் காகித ஆலையில் வேலை. மார்லிஸின் கணவர் டுவேனும் அதே ஆலையில் இயந்திரம் பார்த்தார். முதல் நவம்பரிலேயே எங்களைச் சாப்பிடக் கூப்பிட்டார்கள். அம்மாவும் அப்பாவும் பிறகு டெக்சாஸ் போய்விட்டார்கள். எனக்கு ஊர் நூலகத்தில் வேலை கிடைத்ததால் அதே வீட்டில் தங்கிவிட்டேன். பதினாறு வருடங்களாக அந்த மேசையில் எனக்கு ஓர் இடம் உண்டு. டுவேனின் அண்ணன் வெர்னுக்கு மட்டும் நான் இன்னும் 'பக்கத்து வீட்டுப் பொண்ணு'தான்.

மார்லிஸ் பள்ளிப் பேருந்து ஓட்டுகிறார். பதினான்காம் எண் வண்டி, நாற்பத்தொரு பிள்ளைகள், பாதிக்கு மேல் பண்ணைச் சாலைகள். காலை ஐந்து மணிக்குப் பணிமனையில் இருக்க வேண்டும். டயரைத் தட்டி, விளக்கைப் பார்த்து, பின்கதவைத் திறந்து மூடி, எல்லாம் சரி என்று தாளில் கையெழுத்துப் போட்ட பிறகுதான் வண்டி நகரும். நான் ஐந்தாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டு வரை அந்த வண்டியில் போனவள். அவர் கத்தி நான் கேட்டதில்லை. தலைக்கு மேலே இருக்கும் நீளக் கண்ணாடியில் ஒரு பார்வை பார்ப்பார். கடைசி வரிசையில் தொப்பியைப் பிடுங்கி விளையாடும் பையன்கள் அப்படியே உட்கார்ந்துவிடுவார்கள். ஒரு முறை பனியில் வண்டி சறுக்கிப் பள்ளத்தில் பாதி இறங்கி நின்றது. உதவி வரும்வரை ஐம்பது நிமிடம் நாற்பத்தொரு பேரையும் அழாமல் உட்கார வைத்தார். "அவங்க அவங்க மத்தியானச் சாப்பாட்டுல என்ன இருக்குன்னு வரிசையாச் சொல்லுங்க. பொய் சொன்னா இறக்கி விட்டுடுவேன்" என்றார். அன்று ஒருவர் விடாமல் எல்லோருடைய முறையும் வந்தது.

அப்படிப்பட்டவரின் குரல் சொந்த வீட்டில் சமையலறை வாசலைத் தாண்டாது.

அந்த வீட்டில் தேங்க்ஸ்கிவிங் சாப்பாட்டு நேரத்தை நிர்ணயிப்பது பசி இல்லை. மான் வேட்டைப் பருவமும் அந்த வாரத்தில்தான் வரும். ஆண்கள் விடியும் முன்பே ஆரஞ்சுச் சட்டை போட்டுக் காட்டுக்குப் போய், டிவியில் டெட்ராய்ட் அணியின் அமெரிக்கக் கால்பந்து ஆட்டம் தொடங்கும் பதினொன்றரைக்குத் திரும்புவார்கள். அது முடிய இரண்டே முக்கால் ஆகும். மூன்றரைக்கு டல்லஸ் ஆட்டம். நடுவில் கிடைக்கும் முக்கால் மணி நேரத்துக்குள் சாப்பாடு. அதிலும் முதல் பத்து நிமிடம் 'சுற்று'. யாரும் கரண்டியைத் தொடும் முன், மேசையைச் சுற்றி ஒவ்வொருவரும் இந்த வருடம் எதற்கு நன்றி என்று சொல்ல வேண்டும். டுவேனின் அப்பா காலத்து வழக்கம். எல்லோரும் சொன்னதும் வெர்ன் 'ஆமென்' என்பார். அப்புறம் உருளைக்கிழங்கு கை மாறும்.

கிரேவிதான் சிக்கல். வான்கோழி வெந்து வெளியே வந்து, அது ஆறும் நேரத்தில், தட்டில் இறங்கிய கொழுப்பிலும் சாற்றிலும் மாவைப் போட்டுக் கிண்ட வேண்டும். முன்னால் செய்ய முடியாது, விட்டுவிட்டு நகர முடியாது. கையை எடுத்தால் கட்டி தட்டிவிடும். ஆறினால் மேலே ஆடை படியும். மேசைக்குக் கடைசியாகப் போவது அதுதான். அது வராமல் யாரும் சாப்பிட மாட்டார்கள். அது வரும்வரை சும்மா இருப்பானேன் என்று சுற்றைத் தொடங்கிவிடுவார்கள். கிரேவி போய்ச் சேரும்போது 'ஆமென்' முடிந்திருக்கும்.

அவர் முயலாமல் இல்லை. ஒரு வருடம் முந்தின நாளே வான்கோழி இறக்கைகளை வறுத்துச் சாறெடுத்துக் கிரேவி காய்ச்சி வைத்தார். வெர்ன் ஒரு வாய் வைத்துவிட்டு, "என்ன மார்லிஸ், பாட்டில்ல வாங்கிட்டியா?" என்றார். அந்தப் பேச்சு கிறிஸ்துமஸ் வரை ஓடியது. இன்னொரு வருடம் டுவேன் தானே கிண்டுவதாக ஏப்ரன் கட்டிக்கொண்டார். மார்லிஸ் நாற்காலியில் உட்கார்ந்த ஒரு நிமிடத்துக்குள், "மார்ல், இது ஏன் இப்படி உருண்டையா வருது?" என்று சத்தம் வந்தது. இரண்டாவது நிமிடம், "மார்ல், புகை வந்தா பரவால்லையா?" அவர் எழுந்து போனார். சுற்று அவரில்லாமல் நடந்தது. பிறகொரு வருடம் சுற்றைப் பம்ப்கின் பை என்னும் பூசணி இனிப்புக்கு அப்புறம் வைத்துக்கொள்ளலாம் என்று மகள் கெண்ட்ராவைச் சொல்லவைத்தார். எல்லோரும் நல்ல யோசனை என்றார்கள். இனிப்பு வந்தபோது டல்லஸ் ஆட்டம் தொடங்கிவிட்டது; மேசையில் நானும் கெண்ட்ராவின் மூத்த குழந்தையும்தான் இருந்தோம்.

இதையெல்லாம் வெளியே சொன்னால் சிரிப்பார்கள் என்று அவருக்குத் தெரியும். "பத்து செகண்ட் விஷயம். இதுக்குப் போய்ச் சண்டை போட்டா பைத்தியம்னுதான சொல்வாங்க? அதான் எரிச்சலா இருக்கு. சண்டை போடற அளவுக்குப் பெருசும் இல்ல, மறக்கற அளவுக்குச் சின்னதும் இல்ல" என்று ஒரு முறை சொன்னார்.

இந்தத் தடவை அவரிடம் ஒரு திட்டம் இருந்தது. கோழியை வழக்கத்தைவிட ஒரு மணி நேரம் முன்னால் அடுப்பில் வைப்பது. டெட்ராய்ட் ஆட்டம் முடிவதற்குள் கிரேவியை முடித்து ஃபிளாஸ்க்கில் ஊற்றி மூடிவிடுவது. காபி கொண்டு போகும் பெரிய ஃபிளாஸ்க்கை அதற்காகவே மூன்று நாள் சோடா போட்டுக் கழுவி வைத்திருந்தார்.

தேங்க்ஸ்கிவிங் அன்று, வியாழன் காலை ஆறு மணிக்கு உருளைக்கிழங்கு உரிக்க நான் போனபோது, வான்கோழி குளியல் தொட்டியில் தண்ணீருக்குள் கிடந்தது. மார்லிஸ் தொட்டி விளிம்பில், கைகள் முழங்கை வரை சிவந்துபோய், உட்கார்ந்திருந்தார். டுவேன் ஆரஞ்சுச் சட்டையோடு வாசலில் நின்றார்.

"கராஜும் ஃபிரிட்ஜ் மாதிரிதானே இருக்கும்னு நெனச்சேன், மார்ல்."

"ஃபிரிட்ஜ்னா ஃபிரிட்ஜ், டுவேன். நவம்பர் மாசத்துல கராஜ் என்னன்னு அதுக்கே தெரியாது."

நடந்தது இதுதான். செவ்வாய்க்கிழமை டுவேனுக்கு ஒரு மான் கிடைத்தது. வெட்டிப் பொட்டலம் கட்டிய கறிக்கு இடம் வேண்டும். பாதி இளகியிருந்த வான்கோழியை ஃபிரிட்ஜிலிருந்து எடுத்துக் கராஜில் ஒரு பெட்டியில் வைத்துவிட்டார். இந்தப் பக்கத்து ஆண்கள் எல்லோரும் செய்வதுதான். நவம்பரில் கராஜ் பாலுக்கும் பீருக்கும் இரண்டாவது ஃபிரிட்ஜ். புதன் இரவு குளிர் பூஜ்யத்துக்குக் கீழே போய்விட்டது. காலையில் மார்லிஸ் விரலால் தட்டிப் பார்த்தபோது கோழி மரக்கட்டை மாதிரி சத்தம் போட்டிருக்கிறது.

"மானை வைக்கறதுக்கு முன்னால என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்ல?"

"நீ பஸ்ல இருந்த."

"நான் எப்பவுமே எங்கயாவதுதான் இருக்கேன்."

டுவேன் தலையைச் சொறிந்தார். கெட்டவர் இல்லை. என்ன சொன்னால் சரியாகும் என்று தேடிக்கொண்டு நின்றார். "இன்னிக்கு வேட்டைக்குப் போகல. இங்கயே இருந்து தண்ணி மாத்தறேன்" என்றார்.

"போ. நீ இருந்தா உனக்கும் சேர்த்து வேலை. ஒண்ணு மட்டும் செய். சுத்து ஆரம்பிக்கறப்ப என்னைக் கூப்பிடு. நான் வர்ற வரைக்கும் நிறுத்தி வை."

"சரி."

"என்ன சொன்னேன்?"

"கூப்பிடணும். நிறுத்தி வைக்கணும்."

அரை மணிக்கு ஒரு முறை தண்ணீர் மாற்றினோம். பத்தரைக்குத்தான் கோழி அடுப்புக்குள் போனது. ஃபிளாஸ்க் மேசை மேல் மூடி திறந்தபடி நின்றது. இரண்டே முக்காலுக்கு டெட்ராய்ட் ஆட்டம் முடிந்து எல்லோரும் மேசையைப் பார்த்தார்கள். மேசையில் ஊறுகாயும் பிஸ்கட்டும் சீஸும் மட்டும் இருந்தன.

"கோழி இன்னும் பறந்துட்டு இருக்கா?" என்றார் வெர்ன்.

"உங்க தம்பியைக் கேளுங்க. அவன்தான் அதுக்கு ஸ்வெட்டர் போடாம வெளிய படுக்க வெச்சான்."

எல்லோரும் சிரித்தார்கள். மார்லிஸ் சிரிக்கவில்லை. மூன்றரைக்கு அவர்கள் மறுபடி டிவிக்குப் போனார்கள். வெர்ன் அங்கிருந்தே ஒரு தீர்ப்புச் சொன்னார்: டல்லஸ் ஆட்டத்தின் நடு இடைவேளையில் சாப்பாடு.

நாலரைக்குக் கோழி வெளியே வந்தது. வாசலில் இருட்டத் தொடங்கியிருந்தது. மார்லிஸ் தட்டைச் சாய்த்து சாற்றை வடித்தார். பீன்ஸும் ஸ்டஃபிங்கும் கிரான்பெர்ரியும் ஒவ்வொன்றாக நான் கொண்டுபோனேன். அவருடைய ஏப்ரன் பையில் நாலாக மடித்த ஒரு தாள் நீட்டிக்கொண்டிருந்தது. காலையில் பேருந்தைச் சோதித்துக் கையெழுத்துப் போடும் படிவம் அது. பின்பக்கத்தில் பென்சிலால் எழுதியிருந்தார்.

ஐந்து மணிக்குச் சற்று முன்னால் கூடத்தில் நாற்காலிகள் இழுபடும் சத்தம் கேட்டது.

"மார்ல், வா, ஆரம்பிக்கறோம்" என்று டுவேன் கூப்பிட்டார். சொன்னபடியே கூப்பிட்டார்.

"ரெண்டே நிமிஷம். மாவு இப்பத்தான் போட்டிருக்கேன். நிறுத்தி வை."

"கொடுங்க, நான் கிண்டறேன்" என்றேன்.

"வேணாம். நீ போய் உக்காரு. நீ அங்க இருந்தாத்தான் எனக்கு ஆள் இருக்கு."

போய் உட்கார்ந்தேன். "மார்ல் வரட்டும்" என்று டுவேன் சொன்னார். வெர்ன் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "பன்னெண்டு நிமிஷம்தான் இடைவேளை. நாம ஆரம்பிப்போம். அவ முறை வர்றதுக்குள்ள வந்துருவா." நியாயமாகத்தான் பட்டது. டுவேன் சமையலறைப் பக்கம் ஒரு முறை திரும்பிப் பார்த்தார். பிறகு தன் முறையைச் சொன்னார். கடவுள், குடும்பம், செவ்வாய்க்கிழமை மான்.

கெண்ட்ரா புது வேலைக்கு நன்றி சொன்னாள். அவள் கணவன் மாமனார் வீட்டுச் சாப்பாட்டுக்கு. குழந்தைகள் நாய்க்கும், பள்ளிக்கூடம் இல்லாத நாளுக்கும். நான், இந்த மேசையில் இடம் கொடுத்ததற்கு என்றேன். வெர்ன், "முழங்கால் இன்னும் வேலை செய்யறதுக்கு" என்றார். சமையலறையிலிருந்து கரண்டி பாத்திரத்தில் உரசும் சத்தம், வேகமாக, ஒரே சீராக வந்துகொண்டிருந்தது.

"அவ்வளவுதானே? எல்லாரும் ஆச்சா?" என்றார் வெர்ன்.

மூன்றே வார்த்தை. அவை என் வாயில்தான் இருந்தன. ஆனால் எல்லோரும் அதற்குள் தலையைக் குனிந்திருந்தார்கள். குனிந்த அத்தனை தலைகளுக்கு நடுவே குரலை உயர்த்த வேண்டும். டுவேன் சொல்வார் என்று நினைத்தேன். கெண்ட்ரா சொல்வாள் என்று நினைத்தேன். ஒரு மூச்சு இழுக்கும் நேரம்தான்.

"ஆமென்" என்றார் வெர்ன்.

மார்லிஸ் கிரேவிக் கிண்ணத்தோடு வாசலில் நின்றார். ஆவி பறந்துகொண்டிருந்தது. ஒரு கட்டி கிடையாது. வெர்ன் கையை நீட்டினார். மார்லிஸ் என்னைப் பார்த்தார். பேருந்துக் கண்ணாடியில் பார்க்கும் பார்வை இல்லை அது. நான் தட்டைப் பார்த்தேன். அவர் கிண்ணத்தை வெர்னிடம் கொடுத்தார். நாற்காலியில் உட்கார்ந்தார். பன்னிரண்டாவது நிமிடத்தில் ஆண்கள் தட்டுகளோடு டிவிக்குப் போனார்கள். போகும்போது டுவேன் அவர் தோளைத் தொட்டு, "பிரமாதம் மார்ல், வழக்கம்போல" என்றார்.

"ஆமா. வழக்கம்போல" என்றார் மார்லிஸ்.

பிறகு சமையலறையில் அவர் பெரிய தட்டைச் சுரண்டிக் கழுவ, நான் துடைத்தேன். மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று வாக்கியத்தை மனதுக்குள் அடுக்கிக்கொண்டே இருந்தேன். அவர் ஏப்ரன் பையிலிருந்து அந்தத் தாளை எடுத்து, யோசிக்காமல், கையிலிருந்த எண்ணெயைத் துடைத்துக் கசக்கிக் குப்பைக் கூடைப் பக்கம் போட்டார். அது கூடைக்கு வெளியே விழுந்தது. நான் எடுத்துப் போடக் குனிந்தபோது ஒரு வரி கண்ணில் பட்டது. 'நாலே முக்கால். கார்.'

எனக்கு அது புரிந்தது. என் அறை ஜன்னல் அவர்கள் வீட்டு வாகனப் பாதையைப் பார்த்து இருக்கிறது. குளிர்காலத்தில் பள்ளி நாள்தோறும் நாலே முக்காலுக்கு டுவேன் இரவு உடுப்பின் மேல் கோட்டைப் போட்டுக்கொண்டு வெளியே வருவார். மார்லிஸின் காரைக் கிளப்பி, கண்ணாடியில் படிந்த பனியைச் சுரண்டி, ஹீட்டரைப் போட்டுவிட்டு மறுபடி போய்ப் படுத்துக்கொள்வார். மார்லிஸ் வரும்போது கார் சூடாக இருக்கும். கராஜில் டுவேனின் சாமான்கள் அடைத்துக் கிடப்பதால்தான் அந்தக் கார் வெளியே பனியில் நிற்கிறது என்பது வேறு விஷயம். அதைப் பற்றி இருவரும் பேசி நான் கேட்டதில்லை.

"இதை டுவேன்கிட்ட நேராவே சொல்லலாமே" என்றேன்.

"எதை?"

தாளைக் காட்டினேன்.

"படிச்சிட்டியா?" என்றார். கோபம் இல்லை. தட்டைத் திருப்பிப் பின்பக்கத்தைத் தேய்த்தார். "தனியாச் சொன்னா, 'என்ன மார்ல், உடம்பு சரியில்லையா?'ன்னு கேப்பான். அதை எல்லார் முன்னாடியும்தான் சொல்லணும். அவன் அண்ணன் கேக்கணும். புள்ளைங்க கேக்கணும். அதுக்குத்தானே அந்தச் சுத்து."

"நான் சொல்லியிருக்கணும். வாய் வரல."

"தெரியும். எட்டு வருஷம் என் பஸ்ல வந்த. டிசம்பர் மாசம் உன் ஜன்னல் மூடாம மாட்டிக்கிட்டப்ப, மூணு நாள் பனியில நனைஞ்சுகிட்டே வந்தியே தவிர ஒரு வார்த்தை சொல்லல. உன்னைப் போய்க் குரல் குடுன்னு கேட்டது என் தப்பு."

கூடத்தில் யாரோ புள்ளி எடுத்ததற்கு எல்லோரும் கைதட்டினார்கள். மார்லிஸ் தண்ணீரை மூடிவிட்டு, கிரேவிக் கிண்ணத்தை எடுத்துத் துடைத்தார். அடியில் கொஞ்சம்கூட மிச்சமில்லை. அதை என் இரண்டு கைகளிலும் வைத்தார்.

"அடுத்த வருஷம் நீ ஒண்ணும் பேச வேணாம்" என்றார். "இதை இப்படியே பிடிச்சுக்கிட்டு வாசல்ல நில்லு. வெர்ன் கையை நீட்டுவாரு. டுவேன் நீட்டுவான். நான் உக்காந்து, என் முறையைச் சொல்லி முடிக்கற வரைக்கும் எவனுக்கும் குடுக்காத."